தாது வருஷத்தில் வெட்டிய வாய்க்கால்: பக்கிங்காம் கால்வாயோரம் ஒரு பயணம்

சென்னைக்குச் சுற்றுலா என்றதும் பிள்ளைகள் முதலில் கேட்டது கடற்கரை, இரண்டாவது படகு. கள்ளக்குறிச்சியிலிருந்தும் கல்வராயன் மலையிலிருந்தும் வந்த கல்லூரி மாணவர்கள் இருபத்திரண்டு பேர். எங்கள் மாலை நேரப் படிப்பு வட்டத்தில் ஓராண்டாக வரலாறு படிப்பவர்கள். மலைப் பிள்ளைகள் கரியாலூர் ஏரியில் படகு மிதித்திருக்கிறார்கள். மற்றவர்களில் பலர் அதுவும் இல்லை. சரி, படகுக்கே போவோம் என்று முடிவு செய்தோம். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தோம். எந்தத் தண்ணீரில் போகிறோமோ அந்தத் தண்ணீரின் கதையைத் தெரிந்துகொண்டுதான் ஏற வேண்டும்.

அப்படித்தான் பக்கிங்காம் கால்வாயைத் தேர்ந்தெடுத்தோம். இன்று நகருக்குள் அதில் படகு போகாது. ஆகவே முதல் பாதியைப் பறக்கும் ரயிலில் போனோம். சேப்பாக்கத்தில் ஏறித் திருவான்மியூரில் இறங்கும்வரை பெரும்பாலும் அந்தக் கால்வாயின் மேலேயேதான் ரயில் போகிறது. ஜன்னலோரம் இடம் பிடித்தவர்கள் குனிந்து பார்த்தார்கள். கறுப்பாக, அசையாமல், ஆகாயத் தாமரையும் பிளாஸ்டிக்கும் மூடிய நீர். நடுவே வரிசையாக ரயிலின் கான்கிரீட் தூண்கள். "இதுவா அக்கா கால்வாய்? சாக்கடைன்னுல்ல நெனச்சேன்" என்றான் ஒரு தம்பி.

அவன்மேல் தப்பில்லை. சென்னையில் பிறந்து வளர்ந்தவர்களே அப்படித்தான் நினைக்கிறார்கள். இந்தக் கட்டுரை அந்தத் தம்பிக்குச் சொன்ன பதிலின் விரிவு.

பஞ்சத்துக்கு முன்

கால்வாயின் முதல் துண்டு 1806 வாக்கில் முடிந்தது. பேசில் காக்ரேன் என்ற ஆங்கிலேய வணிகர் சென்னையிலிருந்து எண்ணூர்ப் பக்கமாக வெட்டியது. அதனால் காக்ரேன் கால்வாய் என்றே பெயர். பிறகு அரசாங்கம் அதைத் தன் கையில் எடுத்தது. கடலோரத்து உப்பங்கழிகளை ஒன்றோடொன்று இணைத்து வடக்கே நீட்டிக்கொண்டே போனார்கள். கடைசியில் அது வடக்கே ஆந்திரக் கரையின் பெத்த கஞ்சம் வரை 300 கிலோமீட்டருக்கு மேலும், தெற்கே மரக்காணம் வரை சுமார் 100 கிலோமீட்டரும் நீண்டது.

மரக்காணம் என்றதும் நம் பிள்ளைகள் நிமிர்ந்தார்கள். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019இல்தான். அதற்கு முன் விழுப்புரம் மாவட்டம், 1993க்கு முன் தென்னார்க்காடு. மரக்காணமும் அதே பழைய தென்னார்க்காட்டில்தான். அப்படியானால் இந்தக் கால்வாயின் தென் முனை நம் பழைய மாவட்டத்துக் கடற்கரையில் இருக்கிறது. சென்னைக் கதை என்று நாம் ஒதுக்கிவிட முடியாது.

மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும் பாசனக் கால்வாய் இல்லை இது. படகு போவதற்கென்றே வெட்டியது. கடல் ஏற்றத்தில் நீர் உள்ளே வரும், வற்றத்தில் வெளியேறும். நீர்மட்டத்தைக் காக்க ஆங்காங்கே மதகுகள். விறகும் உப்பும் நெல்லும் இதன் வழியே நகரத்துக்கு வந்தன. வடசென்னையில் பேசின் பிரிட்ஜ் என்று ஒரு ரயில் நிலையம் இருக்கிறதே, அந்தப் 'பேசின்' என்பது இந்தக் கால்வாய்ப் படகுகள் வந்து நின்ற துறைக்குளம்தான்.

ஆனால் 1876 வரை ஒரு குறை இருந்தது. வடக்கிலிருந்து வரும் கால்வாய் கூவத்தில் வந்து நின்றது. தெற்கே போவது அடையாற்றிலிருந்து தொடங்கியது. நடுவில் திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் வழியாகச் சுமார் 8 கிலோமீட்டருக்கு இணைப்பு இல்லை. நாங்கள் ரயிலில் பார்த்துக்கொண்டு வந்தது அந்த எட்டு கிலோமீட்டரைத்தான். அதை வெட்டியது பஞ்சம்.

ஒரு ராத்தல் தானியம், ஒரு அணா

நம் ஊர்க் கிழவிகள் சிலர் இன்னும் 'தாது வருஷப் பஞ்சம்' என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அவர்கள் பார்த்ததில்லை. அவர்களின் பாட்டிகள் சொன்னது. தாது வருஷம் என்பது 1876–77. மழை பொய்த்தது. சென்னை மாகாணத்தின் உள்மாவட்டங்கள் காய்ந்தன. கல்வராயன் மலைக்கு மேற்கே உள்ள சேலம் மிகக் கடுமையாக அடிபட்ட மாவட்டங்களில் ஒன்று. 1878இல் பஞ்சம் ஓயும்போது இந்தியாவில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்திருந்தார்கள் என்பது பொதுவாக ஏற்கப்படும் கணக்கு.

வானம் பொய்த்ததால் மட்டும் இத்தனை பேர் சாகவில்லை. அந்த ஆண்டுகளிலும் இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குக் கோதுமை கப்பலேறிக்கொண்டுதான் இருந்தது. 1877 ஜனவரி 1 அன்று வைஸ்ராய் லிட்டன் டெல்லியில் பெரிய தர்பார் நடத்தி, விக்டோரியாவை இந்தியாவின் பேரரசி என்று அறிவித்தார். அதே மாதம் பஞ்ச நிவாரணச் செலவைக் குறைப்பதற்காக ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி சென்னைக்கு அனுப்பப்பட்டார்.

நிவாரணம் என்றால் சும்மா கஞ்சி ஊற்றுவது இல்லை. வேலை செய்ய முடிந்தவர்கள் நிவாரணப் பணியில் மண் சுமக்க வேண்டும், கல் உடைக்க வேண்டும். அதற்குத்தான் கூலி. டெம்பிள் நிர்ணயித்த கூலி இது: நாள் முழுக்கக் கடும் வேலை செய்யும் ஓர் ஆணுக்கு ஒரு ராத்தல் தானியம், அதாவது சுமார் 450 கிராம். அதோடு ஒரு அணா. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அதைவிடக் குறைவு. 'டெம்பிள் கூலி' என்றே வரலாற்றில் பெயர் நின்றுவிட்டது.

அதை அப்போதே எதிர்த்தவர் ஒருவர் இருந்தார். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் டபிள்யூ. ஆர். கார்னிஷ். உழைக்கிற உடம்புக்குக் குறைந்தது 680 கிராம் தானியம் வேண்டும், அதோடு பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று அவர் விடாமல் எழுதினார். மாகாண அரசு 1877 மார்ச்சில் பாதி இறங்கிவந்தது: 570 கிராம் தானியம், 43 கிராம் பருப்பு. வரலாற்றாசிரியர் மைக் டேவிஸ் 2001இல் வெளியிட்ட நூலில் ஓர் ஒப்பீடு தருகிறார். டெம்பிள் கூலியில் கிடைத்தது நாளுக்கு 1,627 கலோரி. 1944இல் நாஜிகளின் புகன்வால்ட் வதைமுகாமில் கொடுத்தது 1,750 கலோரி.

இந்த எண்ணைச் சொன்னபோது ரயில் பெட்டியில் எங்கள் கூட்டம் கொஞ்ச நேரம் பேசவில்லை.

உழைத்தவர்கள் வாய் மூடிக்கொண்டு இருந்தார்கள் என்று எண்ண வேண்டாம். பம்பாய் மாகாணத்தில் இந்தக் கூலியை ஏற்க மறுத்து ஆயிரக்கணக்கானோர் நிவாரணப் பணியிடங்களை விட்டு வெளியேறினார்கள். பட்டினியில் இருப்பவர்கள் செய்த வேலைநிறுத்தம் அது. நம் பக்கத்தில் பஞ்சம் கும்மிப் பாட்டானது. இன்னும் ஏராளமானோர் கங்காணிகளின் பின்னால் இலங்கையின் காபித் தோட்டங்களுக்கு நடந்தார்கள். மலையகத் தமிழரின் கதையில் தாது வருஷத்துக்குப் பெரிய இடம் உண்டு.

அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் அந்த எட்டு கிலோமீட்டர் 1877–78இல் பஞ்ச நிவாரணப் பணியாகவே வெட்டப்பட்டது. மண்வெட்டி, கடப்பாரை, கூடை. இயந்திரம் இல்லை. பணி முடிந்ததும் கால்வாய் முழுவதற்கும் புதுப்பெயர் வைத்தார்கள். அப்போது சென்னை மாகாண ஆளுநராக இருந்தவர் பக்கிங்காம் பிரபு. அவர் பெயர்.

யார் அந்தக் கூலிகள்?

பஞ்சத்தில் எல்லாச் சாதியினரும் செத்தார்கள். இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. நிவாரண வேலைக்கு நெசவாளர்களும் சிறு குடியானவர்களும்கூட வந்தார்கள். ஆனால் யார் முதலில் வந்தார்கள், யார் முதலில் விழுந்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

நிலம் வைத்திருந்தவனுக்குப் பஞ்சத்தின் முதல் மாதங்களில் விற்க ஏதாவது இருந்தது. மாடு, நகை, பாத்திரம், கடைசியில் நிலம். பண்ணையாளிடம் விற்க எதுவும் இல்லை. அடிமை முறையைச் சட்டம் அங்கீகரிக்காது என்று 1843இல் சட்டம் வந்துவிட்டது. ஆனால் சட்டம் மாறிய பிறகும் செங்கல்பட்டிலும் தென்னார்க்காட்டிலும் பறையர் குடும்பங்கள் மிராசுதாரின் களத்தை நம்பியே உயிர் வாழ்ந்தன. விளைச்சல் இல்லாத ஆண்டில் மிராசுதாரர் களஞ்சியத்தைப் பூட்டினால் சேரியில் அடுப்பு எரியாது. நிலம் இல்லாதவர்களே நிவாரண வேலையின் முதுகெலும்பாக இருந்தார்கள் என்பதற்கு இதைவிட எளிய காரணம் தேவையில்லை.

இன்னொன்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 1858இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் என்று ஒன்று வந்தது. ஏரிக்கரையோ கால்வாய்க்கரையோ உடையும் ஆபத்து வந்தால் ஊரின் உழைக்கும் மக்களை வேலைக்கு வரும்படி கட்டாயப்படுத்தலாம். நிலம் ஒருவருடையது, நீர் பாய்வது அவர் வயலில், கரை காக்கக் கட்டாயமாக வர வேண்டியவர் வேறொருவர். நீர்நிலைகளை 'ஊரே கூடிக் காத்தது' என்று இன்று பெருமையாகப் பேசும்போது இந்தச் சட்டத்தையும் நினைவில் வையுங்கள்.

பஞ்சம் முடிந்து பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அரசாங்கமே இதை எழுத்தில் பதிந்தது. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலை குறித்து அறிக்கை கொடுத்தார். நிலம் இல்லாததுதான் அவர்கள் நிலைக்கு அடிப்படை என்பதை அது காட்டியது. அதன் தொடர்ச்சியாக 1892இல் பிறந்ததுதான் பஞ்சமி நில ஒதுக்கீடு. அடுத்த ஆண்டு, 1893இல், இரட்டைமலை சீனிவாசன் சென்னையிலிருந்து 'பறையன்' இதழைத் தொடங்கினார். 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' இதழைக் கொண்டுவந்தார். இராயப்பேட்டைக்கும் கால்வாய்க்கும் நடந்து போகிற தூரம்தான். கால்வாய் வெட்டி முடித்த அடுத்த முப்பது ஆண்டுகளுக்குள் அதே நகரத்தில் நம் மக்கள் அச்சு இயந்திரத்தைக் கையில் எடுத்துவிட்டார்கள்.

படகில் போனவர்களும் இழுத்தவர்களும்

கால்வாய் உயிரோடு இருந்த காலத்தில் அதில் உல்லாசப் பயணமும் உண்டு. 1934இல் பாரதிதாசனும் ஜீவா, குத்தூசி குருசாமி, குஞ்சிதம் உள்ளிட்ட சுயமரியாதைத் தோழர்களும் சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்கு இந்தக் கால்வாயில் படகில் போனார்கள். பாரதிதாசன் அதை 'மாவலிபுரச் செலவு' என்று கவிதையாக்கினார். தேடிப் படியுங்கள். நிலவும் காற்றும் தோழமையுமாகத் தொடங்கும் அந்தப் பயணத்தில் கவிஞரின் கண் ஓர் இடத்தில் படகுக்காரர்களிடம் போய் நின்றுவிடுகிறது. படகைக் கழியால் தள்ளுகிறவர், கரையில் கயிறு கட்டி இழுக்கிறவர், அவர்கள் உடம்பில் ஓடும் வியர்வை.

சுற்றுலாப் போகிறவர்கள் கற்க வேண்டிய பார்வை இதுதான் என்று பிள்ளைகளிடம் சொன்னோம். காற்று வாங்கலாம், சிரிக்கலாம், படம் எடுக்கலாம். ஆனால் கயிறு யார் தோளில் இருக்கிறது என்று ஒருமுறையாவது திரும்பிப் பார்க்க வேண்டும்.

கவிஞர் நின்ற இடத்திலிருந்து நாம் இன்னும் ஓர் அடி கீழே போகலாம். இழுத்தவரை அவர் பார்த்தார். அந்த எட்டு கிலோமீட்டரை வெட்டியவர்களை அன்று படகிலிருந்து பார்க்க முடிந்திருக்காது. அவர்கள் வேலை முடிந்து 56 ஆண்டுகள் ஆகியிருந்தன.

எது ஆக்கிரமிப்பு?

ரயிலும் லாரியும் வந்த பிறகு கால்வாயின் சரக்கு குறைந்தது. 1960களின் புயல்கள் அதைச் சிதைத்தன. நகரம் தன் கழிவையெல்லாம் அதில் விட்டது. நடுநடுவே படகுக் கனவு மட்டும் விடவில்லை. 1970களின் தொடக்கத்தில் கூவத்தைச் சீரமைத்து உல்லாசப் படகு விட்டார்கள், நிலைக்கவில்லை. 2008இல் காக்கிநாடா–புதுச்சேரிக் கால்வாய் வழியைத் தேசிய நீர்வழி எண் 4 என்று அறிவித்தார்கள். பக்கிங்காம் கால்வாய் அதில் ஒரு பகுதி. இன்னும் திருவல்லிக்கேணியில் படகு வரவில்லை.

கால்வாய்க்குள் வந்தது ரயில். கடற்கரை நிலையத்திலிருந்து சேப்பாக்கத்துக்கு 1995இல் பறக்கும் ரயில் ஓடத் தொடங்கியது. 1997இல் திருமயிலை, 2007இல் வேளச்சேரி. நிலம் எடுக்கும் செலவு மிச்சம் என்று தூண்களைக் கால்வாய்க்குள்ளேயே நட்டார்கள். நிலையங்களும் அதன்மேல் உட்கார்ந்தன. கால்வாய் பல இடங்களில் பாதியாகச் சுருங்கியது.

அதே கால்வாயின் கரையில் குடிசைகளும் இருந்தன. நகரத்தைக் கூட்டிய, கட்டிய, சமைத்துப் போட்ட கைகள் நகரத்துக்குள் வாழ வேறு இடம் கிடைக்காததால் அங்கே இருந்தன. அவற்றில் பெரும் பங்கு நம் மக்கள். அவற்றுக்கு மட்டும் கோப்புகளில் ஒரு பெயர் உண்டு: ஆக்கிரமிப்பு. தூணுக்கு அந்தப் பெயர் இல்லை. தூண் 'திட்டம்'.

2022 மே மாதம் இராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். பக்கிங்காம் கால்வாய்க்கரையில் பல பத்தாண்டுகளாக இருந்த குடியிருப்பு. உச்ச நீதிமன்ற உத்தரவின்படி 250க்கும் மேற்பட்ட வீடுகளை இடிக்க இயந்திரங்கள் வந்தன. அறுபது வயதைத் தொட்ட ஒரு பெரியவர் எல்லார் கண் முன்னாலும் தீக்குளித்தார். மறுநாள் இறந்தார். அதற்குப் பிறகுதான் இடிப்பு நின்றது. அதற்குப் பிறகுதான் அந்த மக்களுக்குப் பக்கத்திலேயே வீடு கொடுப்பது பற்றி அரசு பேசியது.

அதற்கு முன் கால்வாய்க் கரையிலிருந்தும் கூவக் கரையிலிருந்தும் எடுத்தவர்களை எங்கே கொண்டுபோனார்கள்? கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். நகரின் நடுவிலிருந்து இருபது கிலோமீட்டர், அதற்கும் மேல். வெள்ள ஆபத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லி எடுத்தவர்களைப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில் வைத்தார்கள். செம்மஞ்சேரியில் மழைக்காலத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வருவது இன்று செய்திகூட ஆவதில்லை. வீட்டு வேலைக்கு மயிலாப்பூர் போய்க்கொண்டிருந்த பெண்ணுக்குப் பேருந்திலேயே பாதி நாள் போனால் வேலை போகும். பத்தாம் வகுப்பில் பள்ளி மாறிய பிள்ளைக்குப் படிப்பு போகும். சமூகப் பணியில் இருக்கிற எங்களுக்கு இவை புள்ளிவிவரம் இல்லை, வீடு வீடாகக் கேட்ட பேச்சு.

கால்வாயைச் சுத்தம் செய்யக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. அந்த நாற்றத்தை நெருக்கத்தில் முகர்ந்து வாழ்ந்தவர்கள் நாம்தான். கால்வாய் சுத்தமாகட்டும், படகும் ஓடட்டும். ஆனால் யாரைத் தூக்கி எறிந்துவிட்டு என்பதுதான் கேள்வி. 1877இல் பசித்த உடம்பு இந்த நகரத்துக்குத் தேவைப்பட்டது, வெட்டுவதற்கு. இன்று அதே கரையில் குடியிருக்கும் உடம்பு காட்சிக்கு இடைஞ்சல்.

முட்டுக்காட்டில்

திருவான்மியூரில் இறங்கிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேருந்து பிடித்தோம். முட்டுக்காட்டில் உப்பங்கழி அகன்று கிடக்கிறது. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத்துறை 1984 முதல் இங்கே இருக்கிறது. பக்கிங்காம் கால்வாய் வடக்கிலிருந்து இந்த உப்பங்கழிக்குள் வந்து, மறுபக்கம் தெற்கே மாமல்லபுரத்தை நோக்கிப் போகிறது. உயிர்காப்பு உடை மாட்டி மூன்று படகுகளில் ஏறினோம். நல்ல காற்று. காலையில் பார்த்த கறுப்பு நீருக்குப் பிறகு இந்த நீலத்தைப் பார்த்ததும் பிள்ளைகள் கத்தித் தீர்த்தார்கள். கத்தட்டும் என்று விட்டுவிட்டோம். நம் பிள்ளைகளுக்குக் காற்று வாங்கவும் உரிமை உண்டு. மகாத் குளத்தில் 1927இல் பாபாசாகேப் நீரை அள்ளிக் குடித்ததும் ஓர் உரிமையை நிலைநாட்டத்தானே.

திரும்பி வரும்போது கல்வராயன் மலைத் தங்கை ஒருத்தி தெற்கே கை காட்டிக் கேட்டாள். "இவ்ளோ நீளத்துக்கு வெட்டினாங்களே, அவங்களுக்குக் கூலியாச்சும் குடுத்தாங்க. எங்க பாட்டி காலத்துல அதுவும் கிடையாதாம். வெட்டிக்குப் போனோம்னுதான் சொல்லும்."

நாங்கள் அந்தச் சொல்லில் நின்றுவிட்டோம். வெட்டி. சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே இருக்கும் சொல். கூலியில்லாமல் செய்ய வேண்டிய கட்டாய உழைப்புக்குப் பெயர் வெட்டி. இன்றும் பயனில்லாத வேலையை 'வெட்டி வேலை' என்கிறோம். பயன் இல்லாமல் இல்லை. பயன் எடுத்தவன் வேறு ஒருவன் என்பதால் செய்தவனுக்கு அது வெட்டி. நம் சேரிகளிலும் 'ஊர் வெட்டி' பார்த்த குடும்பங்கள் உண்டு.

அவள் சொன்னது கல்வராயன் மலையின் வரலாறு. அந்த மலை மூன்று ஜாகிர்களாகப் பிரிந்து கிடந்தது: சடைய கவுண்டன், குரும்ப கவுண்டன், அரிய கவுண்டன் ஜாகிர்கள். மலையாளிப் பழங்குடி மக்கள் ஜாகிர்தாரருக்கு வரியும் கட்ட வேண்டும், கூலியில்லா வேலையும் செய்ய வேண்டும். நாடு 1947இல் விடுதலை பெற்றது. கல்வராயன் மலையில் ஜாகிர் ஆட்சி முடிவுக்கு வந்தது 1976இல். இருபத்தொன்பது ஆண்டு இடைவெளி. பக்கிங்காம் கால்வாயை வெட்டிய கூலிகளின் கதை நமக்கு நூறாண்டு பழையதாகத் தெரிகிறது. அந்தத் தங்கைக்கு அது பாட்டி மடியில் கேட்ட கதை.

அன்று படகில் தலித் பிள்ளைகளும் பழங்குடிப் பிள்ளைகளும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் பாட்டி பண்ணையில், இன்னொருவர் பாட்டி ஜாகிரில். இரண்டு கதைகளும் ஒன்றையொன்று கண்டுகொண்டது அந்தப் பயணத்தின் பலன்.

கோமுகிக்குத் திரும்பி

இரவுப் பேருந்தில் ஊர் திரும்பும்போது பேச்சு கோமுகிக்கு வந்தது. கல்வராயன் மலையில் பிறந்து கள்ளக்குறிச்சி வழியாக ஓடும் நம் ஆறு. 1960களில் அதற்கு அணை கட்டினார்கள். இன்று அணைக்கட்டும் பூங்காவும் சுற்றுலா இடம். கல்லும் மண்ணும் சுமந்தவர்கள் யார்? அவர்களில் சிலர் இன்னும் உயிரோடு இருக்கலாம். அவர்கள் பிள்ளைகள் நிச்சயம் இருக்கிறார்கள்.

அதே கோமுகி ஆற்றங்கரையில்தான் 2024 ஜூனில் கருணாபுரத்து உடல்களை வரிசையாக அடுக்கி எரித்தார்கள். விஷச்சாராயத்தில் அறுபதுக்கும் மேற்பட்டோர் போனார்கள். அதன் பிறகுதான் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைப் பற்றி வழக்கெடுத்துக் கேள்வி கேட்டது. சாவு வந்த பிறகு கோப்பு திறப்பது. கார்னிஷ் கேட்ட அரைப்படி தானியத்திலும் அதுதான் நடந்தது, கோவிந்தசாமி நகரிலும் அதுதான் நடந்தது. சாவதற்கு முன்பே கோப்பைத் திறக்க வைப்பதுதான் நம் வேலை. அதற்குச் சான்று வேண்டும். பஞ்சமி நிலத்துக்காக 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டுப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்த ஜான் தாமஸ், ஏழுமலை காலத்திலிருந்து நமக்குத் தெரியும், நம் பக்கம் நியாயம் இருந்தால் மட்டும் போதாது, ஆவணமும் இருக்க வேண்டும்.

ஆகவே படிப்பு வட்டத்தில் ஒரு வேலை தொடங்கியிருக்கிறோம். இதைப் படிக்கிற மாணவத் தோழர்களும் உங்கள் ஊரில் தொடங்கலாம். உங்கள் ஊருக்கு அருகில் உள்ள ஒரு நீர்நிலையைத் தேர்ந்தெடுங்கள். ஏரி, அணை, கால்வாய், எதுவானாலும் சரி. எழுபது வயது தாண்டிய பெரியவர்களிடம் உட்காருங்கள். அதில் மண் சுமந்தது யார், என்ன கூலி, எத்தனை மாதம், யார் செத்தார்கள் என்று கேட்டு, அவர்கள் பேசுகிற மொழியிலேயே, தேதியோடு எழுதுங்கள். அந்த நீர் இன்று யார் வயலுக்குப் பாய்கிறது, கரையில் யார் இருக்கிறார்கள், அவர்களிடம் பட்டா இருக்கிறதா என்று வருவாய் அலுவலகத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின்படி கேளுங்கள். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். நாளை அங்கே ஒரு 'அழகுபடுத்தும் திட்டம்' வந்தால், உங்கள் கையில் முதலிலேயே ஒரு கோப்பு இருக்கும்.

காலையில் கால்வாயைச் சாக்கடை என்று நினைத்த தம்பி பேருந்தில் எங்களுக்குப் பின் இருக்கையில் இருந்தான். விளக்கணைத்த பிறகு மெல்லக் கேட்டான். "அக்கா, கோமுகி டேமுக்கு எங்க தாத்தா மண் சுமந்ததா அம்மா சொல்லும். அவர் பேரை மொதல்ல எழுதலாமா?"

எழுதலாம் என்றோம். அந்த நோட்டின் முதல் பக்கத்தில் அந்தப் பெயர்தான் இருக்கிறது.

ஜெய்பீம்.